ஒரு பொறிக்குள் இரு நினைவுகள்

கணிப்பொறி மந்தமாகிவிட்டது என்று குறைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. "ஐயா, பொறியில் 4 ஜி.பி. ராம் இருக்கிறது. இன்னொரு 8 ஜி.பி. வாங்கிச் செருகலாம் என்றிருக்கிறேன். அது வேறு கம்பெனி, வேறு வேகம். இரண்டும் ஒத்துப் போகுமா?" சென்னை ரிச்சி தெருவில் இதே கேள்வியைக் கேட்டால், கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "போகும், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு மறைந்திருக்கிறது. எவரோ செய்த பலகையும் வேறெவரோ செய்த பலகையும் ஒரே பொறிக்குள் அமர்ந்து, விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை ஒரே தாளத்தில் இயங்குகின்றன என்றால், பலர் கூடிப் பேசி எழுதிவைத்த உடன்பாடுகளே அதற்குக் காரணம். அந்த உடன்பாடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அறிந்தால், எதை எதனோடு சேர்க்கலாம் என்பதும் விளங்கும். அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நினைவகம் என்று நான் சொல்வது, பொறி வேலை செய்துகொண்டிருக்கும்போது எண்களையும் கட்டளைகளையும் வைத்துக்கொள்ளும் இடம். மின்சாரம் நின்றால் அதில் உள்ளது மறைந்துவிடும். நெடுநாள் சேமிப்புக்கு வட்டு உண்டு. கணக்குப்பிள்ளை ஒருவர் பெட்டகத்திலிருந்து ஏடுகளை எடுத்துச் சாய்மேசையில் விரித்து வைத்து எழுதுகிறார் அல்லவா? அந்தச் சாய்மேசைதான் நினைவகம். மேசை சிறிதாயிருந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து பெட்டகத்துக்குப் போகவேண்டும். பொறி மந்தமாவதற்கு இதுவே முதற் காரணம்.

ஒத்துப்போதல் என்னும் பிரச்சினை, நினைவகம் பிறந்த நாளிலேயே அதனுடன் பிறந்துவிட்டது. 1949-ஆம் ஆண்டு மே மாதம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி முதன்முதலாகக் கணக்கிட்டது. அதன் நினைவகம் பாதரசக் குழாய்கள்! சுமார் 5 அடி நீளமுள்ள குழாயின் ஒரு முனையில் எண்ணை ஒலித்துடிப்பாக மாற்றி அனுப்புவார்கள். அது பாதரசத்தினூடே மெல்லச் சென்று மறுமுனையை அடையும். அங்கே அதை மின்துடிப்பாக்கி மறுபடியும் முதல் முனைக்கே அனுப்பிவிடுவார்கள். ஓயாது சுற்றிக்கொண்டிருப்பதே அந்தப் பொறிக்கு நினைவு. இதில் ஒரு சங்கடம் உண்டு. பாதரசத்தில் ஒலியின் வேகம் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். ஒரு குழாய் சற்றுக் குளிர்ந்தாலும் அதன் துடிப்பு மற்றவற்றோடு தாளம் தப்பிவிடும். ஆகவே குழாய்கள் எல்லாம் ஒரே நீளத்தில் நுட்பமாகச் செய்யப்பட்டு, வெப்பம் மாறாத பெட்டிக்குள் வைக்கப்பட்டன. ஒன்றாகச் செய்து ஒன்றாக வைத்தால்தான் ஒன்றாக இயங்கும் என்ற நியதி அன்றே ஏற்பட்டுவிட்டது. இன்று கடைகளில் இரண்டு பலகைகளை ஒரே அட்டைப்பெட்டியில் 'கிட்' என்று விற்கிறார்களே, அதன் மூதாதை இந்தப் பாதரசப் பெட்டிதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்து வந்தவை காந்த வளையங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் என்பவர் தலைமையில் உருவான வேர்ல்விண்ட் பொறியில் 1953-ஆம் ஆண்டு இவை பொருத்தப்பட்டன. கடுகளவான காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் பெண்கள் கையாலேயே கோத்தார்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். நம் நாட்டிலும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் நம் அறிஞர்களே அமைத்து 1960-இல் இயக்கிய டிஃப்ராக் பொறியில் இத்தகைய வளைய நினைவகமே இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் பொறி வந்தது. அவ்வகைப் பொறியின் அடிப்படை நினைவகம் 20,000 தசம இலக்கங்கள். போதவில்லை என்றால் தனி அலமாரி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் நிறுத்தி 60,000 வரை பெருக்கலாம். அந்த அலமாரியை ஐ.பி.எம். நிறுவனமே விற்றது. பொறியைச் செய்தவரிடம் மட்டுமே நினைவையும் வாங்க வேண்டும் என்ற அக்கால வழக்கத்தை, பின்னர் ஆம்பெக்ஸ் முதலிய நிறுவனங்கள் முறித்தன. ஐ.பி.எம். பொறிகளில் இணைக்கத்தக்க நினைவகங்களை அவை குறைந்த விலையில் விற்கத் தொடங்கின. வேற்றார் நினைவகம் ஒரு பொறிக்குள் புகுந்த கதை இவ்வாறு ஆரம்பமாயிற்று.

இன்று நாம் வாங்கும் பலகைகளின் உட்பொருள் 1966-இல் பிறந்தது. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ராபர்ட் டென்னார்டு, ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட்டை நினைவில் வைக்கலாம் என்று கண்டார். மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லையேல் 0. ஆனால் அந்த மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிட்டையும் விநாடிக்குப் பல முறை படித்துப் புதுப்பிக்க வேண்டும். நமது பொறிகளில் இது இன்றும் இடையறாது நடந்துகொண்டிருக்கிறது. 1970-இல் இன்டெல் நிறுவனம் 1,024 பிட் கொண்ட 1103 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1973-இல் மாஸ்டெக் நிறுவனம் 16 கால்கள் மட்டுமே கொண்ட 4,096 பிட் சில்லைச் செய்தது. அந்தக் கால் அமைப்பை மற்ற நிறுவனங்களும் பின்பற்றவே, ஒருவர் சில்லைக் கழற்றி மற்றொருவர் சில்லைச் செருகுவது சாத்தியமாயிற்று. நினைவகம் அரிசி, பருத்தி போலச் சந்தைச் சரக்காகிவிட்டது.

இப்போது, மாணவர்களே, நம் கேள்விக்கு மிக அருகில் வந்துவிட்டோம். 1981-இல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் நினைவைக் கூட்ட விரும்பியவர், தாய்ப்பலகையில் உள்ள குழிகளில் ஒரு வரிசைக்கு 9 சில்லுகள் வீதம் விரலால் அழுத்திச் செருக வேண்டும். ஒரு பைட்டுக்கு 8 பிட் போதுமே, ஒன்பதாவது எதற்கு என்று கேட்பீர்கள். அது காவலாளி. எட்டுப் பிட்டுகளில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும். படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால், பொறி பிழை என்று அறிவித்து அப்படியே நின்றுவிடும். இந்தக் காவலாளியை மறந்துவிடாதீர்கள்; பின்னால் அவனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சில்லுகளைச் செருகியதோடு வேலை முடியவில்லை. எவ்வளவு நினைவகம் வைத்தோம் என்பது பொறிக்குத் தானாகத் தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, "உன்னிடம் இவ்வளவு இருக்கிறது" என்று மனிதன்தான் சொல்லவேண்டும். அன்றியும், பொறி சூடாவதும் ஆறுவதுமாக இருப்பதால் சில்லுகள் குழியைவிட்டு மெல்ல மெல்ல மேலே கிளம்பிவிடும். அவ்வப்போது மூடியைத் திறந்து கட்டைவிரலால் அழுத்திவிடுவது அக்காலத்துப் பராமரிப்பு வேலைகளில் ஒன்று.

இதற்கு மாற்று 1983-இல் வாங் லாபரட்டரீஸ் நிறுவனத்தில் தோன்றியது. சில்லுகளை ஒரு சிறு பலகையில் பற்றவைத்து, பலகையையே செருகும் முறை அது. சிம் என்று பெயர் பெற்றது. தொலைபேசிக்குள் இருக்கும் சிம் வேறு, இது வேறு. இந்நிறுவனத்தைத் தொடங்கிய ஆன் வாங் என்பவர், காந்த வளைய நினைவகத்துக்கு அடிகோலியவர்களில் ஒருவர். 1949-லேயே அதற்குக் காப்புரிமை கோரியவர். அவர் பெயரிலமைந்த நிறுவனத்திலிருந்தே நினைவகத்தின் அடுத்த உருவமும் வந்தது பொருத்தமே.

30 தொடுமுனை கொண்ட அந்தச் சிம் பலகை, ஒரு வேளையில் 8 பிட் மட்டுமே தரும். 486 பொறியோ ஒரே மூச்சில் 32 பிட் கேட்கும். ஆகவே நான்கு பலகைகள் சேர்ந்தால்தான் ஓர் அணி. நான்கும் ஒரே கொள்ளளவு உள்ளவையாக இருக்கவேண்டும். மூன்று வாங்கிச் செருகினால் பயனில்லை. மூன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக இருந்தாலும் ஆகாது. பின்னர் வந்த 72 தொடுமுனைச் சிம் தனியாகவே 32 பிட் தந்தது. ஆனால் பென்டியம் வந்து 64 பிட் கேட்கவே, மறுபடியும் ஜோடி சேர்க்க வேண்டியதாயிற்று. 'நினைவகம் ஜோடியாகத்தான் போடவேண்டும்' என்று இன்றும் சிலர் அடித்துச் சொல்வது, அக்கால நிர்ப்பந்தத்தின் எதிரொலி.

இக்காலத்தில்தான் பழையதையும் புதியதையும் கலக்கும் ஆசை மிகுந்தது. காரணம் விலை. 1993 ஜூலையில் ஜப்பானின் நிஹாமா நகரில் சுமிடோமோ கெமிக்கல் நிறுவனத்தின் ஆலை ஒன்று வெடித்து எரிந்தது. சில்லுகளை மூடும் பிசினுக்கு உலகின் தேவையில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. நினைவகத்தின் விலை கிடுகிடுவென ஏறிற்று. கையில் உள்ள பழைய பலகையை எறிய எவருக்கு மனம் வரும்? நான்கு பழைய 30 முனைப் பலகைகளை ஏற்றி, ஒரு 72 முனைச் செருகிடத்தில் பொருத்தும் ஒட்டுப்பலகைகள்கூட விற்பனைக்கு வந்தன. ஏழை வீட்டுத் தாய் பழம்புடவையைத் தைத்துப் பாவாடை ஆக்குவதுபோல! இக்கலப்பில் வேறொரு வகைத் தொல்லையும் கிளம்பியது. சில பலகைகளின் தொடுமுனை பொன் பூசியது, சிலவற்றில் வெள்ளீயம். பொன் பூசிய செருகிடத்தில் வெள்ளீயப் பலகையை வைத்தால், நுண்ணிய உராய்வால் தொடுமுனையில் ஆக்சைடு படிந்து, மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பொறி திடீரென்று தடுமாறும். வேகம், கொள்ளளவு எல்லாம் பொருந்தியும் உலோகம் பொருந்தவில்லை.

பெரிய மாறுதல் 1990-களின் பிற்பகுதியில் பரவியது. 64 பிட் அகலமுள்ள டிம் பலகை வந்ததால் ஒரு பலகையே ஓர் அணி ஆயிற்று. அதைவிட முக்கியமானது, அந்தப் பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த எட்டுக் கால் சில்லு. அதில் முதலில் 128 பைட் அளவே எழுதியிருந்தார்கள்: என் கொள்ளளவு இது, என் வேகம் இது, கேட்டபின் பதில் தர இத்தனை நேரம் வேண்டும் என்னும் விவரங்கள். பொறி விழித்ததும் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே விசாரித்துக்கொள்ளும். சுவிட்சைத் தள்ளி மனிதன் சொல்லிவந்த செய்தியை நினைவகம் தானே சொல்லக் கற்றுக்கொண்டது. இந்த விவரங்களை எந்த வரிசையில், எந்த முறையில் எழுதவேண்டும் என்பதை வகுத்தது ஜெடெக் என்னும் அமைப்பு. தம்முள் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய உடன்பாடு இது. வரலாற்றில் போர்களுக்கும் பேரரசுகளுக்கும் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் இத்தகைய உடன்பாடுகளுக்கும் கொடுத்தால் நன்று என்பது என் எண்ணம்.

இனி இரண்டு வேறு பலகைகளைச் செருகினால் என்ன நிகழும் என்று பாருங்கள். பொறி இரண்டையும் விசாரிக்கும். இரண்டுக்கும் இயலும் வேகத்தை மேற்கொள்ளும். நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் வண்டி போவது மெதுவான மாட்டின் நடையில்தான். டி.டி.ஆர்.4 வகையில் 2400 என்று குறித்த பலகையையும் 3200 என்று குறித்த பலகையையும் சேர்த்தால், இரண்டும் 2400-இல் ஓடும். கெடுதல் ஒன்றுமில்லை.

இங்கே மாணவர் பலர் மயங்கும் ஓர் இடம் உண்டு. 2400 பலகையில் காத்திருப்பு எண் 17 என்றும், 3200 பலகையில் 22 என்றும் பொதுவாகக் குறித்திருக்கும். 22 பெரிய எண்; ஆகவே புதிய பலகை பதில் தரத் தாமதிக்கும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண் விநாடியைக் குறிப்பதில்லை, தாளத்தைக் குறிப்பது. 2400 பலகையின் ஒரு தாளம் 0.833 நானோ விநாடி. பதினேழு தாளத்துக்கு 14.17 நானோ விநாடி. 3200 பலகையின் ஒரு தாளம் 0.625 நானோ விநாடி. இருபத்திரண்டு தாளத்துக்கு 13.75. உண்மையில் புதியது சற்று முந்தியே பதில் சொல்கிறது. நானோ விநாடி என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த வேற்றுமைக்காக எத்தனை கவலைப்படலாம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவு வேறானால்? 4 ஜி.பி.யும் 8 ஜி.பி.யும் சேர்ந்தால், பல பொறிகள் 4-க்கு 4 என்று ஜோடி சேர்த்து இரட்டைப் பாதையில் ஓட்டும். மிஞ்சிய 4 ஜி.பி. ஒற்றைப் பாதையில் போகும். இதனால் வேகம் சிறிது குறையலாம். ஆனால் மேசை நிறைந்து வழிந்து, பொறி வட்டை நாட நேர்ந்தால், சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு செய்தியை எடுக்க சுமார் 10 மில்லி விநாடி ஆகும். நினைவகத்தைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஆகவே கலப்பு நினைவகத்தை இழிவாகப் பேசும் ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் வேறு நிறுவனப் பலகையைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பயன்படுத்திய மாணவர்களை நான் அறிவேன். மின்னழுத்தம் வேறான தலைமுறைகளைக் கலக்க இயலாது என்பது உண்மை. டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4-க்கு 1.2 வோல்ட். ஆனால் பலகையின் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது.

எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு. 2007-இல் இன்டெல் நிறுவனம் எக்ஸ்.எம்.பி. என்ற ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜெடெக் வகுத்த வேகத்துக்கு மேலே, பலகையைச் செய்தவர் தாமே சோதித்த ஒரு வேகத்தையும் விவரச் சில்லில் எழுதி வைக்கலாம். அந்த வாக்குறுதி, ஒரே பெட்டியில் சேர்த்துச் சோதித்த பலகைகளுக்கு மட்டுமே உரியது. அதே நிறுவனத்தின் அதே பெயர் கொண்ட இரண்டு பெட்டிகளை வாங்கி நான்கு பலகைகளாகச் செருகினாலும் அது செல்லாது. முகப்புச் சீட்டு ஒன்றாயிருந்தும், உள்ளே ஒன்றில் சாம்சங் சில்லும் மற்றொன்றில் மைக்ரான் சில்லும் இருக்கக்கூடும். 3200 வேகத்தில் ஒரு பிட் நிலைத்திருப்பது 0.3125 நானோ விநாடி. அதற்குள் மின்குறி தாய்ப்பலகைக் கம்பியில் ஓடுவது சுமார் 5 சென்டிமீட்டர். பலகைகள் மிகுந்தால் குறிகள் பட்டுத் திரும்பும் இடங்களும் மிகும். இதனால்தான் ஏ.எம்.டி. நிறுவனம் தன் ரைசன் 7000 வரிசைக்கு, இரண்டு பலகை என்றால் 5200 என்றும், நான்கு என்றால் 3600 என்றும் வேகத்தை வரையறுத்தது.

வேகம் குறைந்தால் பரவாயில்லை, பிழை நேர்ந்தால்? இங்கேதான் அந்த ஒன்பதாவது சில்லு நினைவுக்கு வருகிறது. 1990-களின் நடுவில், செலவைக் குறைக்க வேண்டி, சாதாரணப் பொறிகளிலிருந்து அந்தக் காவலாளியை நீக்கிவிட்டார்கள். 1995-இல் வந்து பெரிதும் பரவிய இன்டெல் 430எஃப்.எக்ஸ். அமைப்பில் அவனுக்கு இடமே இல்லை. அதன்பின் ஒரு பிட் புரண்டாலும் பொறி நிற்காது, ஏதும் அறிவிக்காது. ஒரு கல்லூரியில் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய பொறி ஒன்றில் இரண்டு வேறு பலகைகளைச் செருகி, அதிக வேகத்தில் ஓடும்படி அமைத்திருந்தார்கள். நாள் முழுதும் நன்றாகவே ஓடிற்று. கிணற்று நீர்மட்டங்களை அதில் பதிவு செய்துவந்த மாணவி ஒருத்தி, 12 அடி என்று தான் எழுதியது 52 என்று இருப்பதைக் கண்டு திகைத்தாள். '1' என்ற எழுத்துக்கும் '5' என்ற எழுத்துக்கும் பொறியின் குறியீட்டில் ஒரே ஒரு பிட்தான் வேற்றுமை. கைப்பிழை என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரவு முழுதும் நினைவகச் சோதனை நிரலை ஓடவிட்டபோது உண்மை வெளிப்பட்டது. பலகை தனித்தனியே இருக்கும்போது பிழை இல்லை. சேர்ந்திருக்கும்போது ஒரே முகவரியில் ஒரே பிட் புரண்டது. வேகத்தை ஜெடெக் அளவுக்கு இறக்கியதும் பிழை மறைந்தது. அவள் அதற்குமுன் பதிந்த எண்களையெல்லாம் கைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்த மூன்று வாரம் ஆயிற்று. கைக்குறிப்பு இருந்ததே பாக்கியம்.

மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரல் 1994 முதல் இருந்துவருகிறது, இலவசமாகவே கிடைக்கும். புதிய பலகையைச் செருகிய அன்றைக்கே அதை ஓர் இரவு ஓடவிடுங்கள். 2020-இல் வகுக்கப்பட்ட டி.டி.ஆர்.5 சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது சில்லின் உள்ளே நேரும் பிழைக்கு மட்டுமே. வழியில் கம்பியில் நேரும் பிழையை அது பிடிக்காது.

நினைவைக் கூட்டும் வழக்கமே மடிக்கணினிகளில் இப்போது அருகிவருகிறது. பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இதற்கு மாற்றாக 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு கேம்2 என்னும் புதிய பலகைக்கு விதி வகுத்தது. அது செருகும் பலகையன்று; தட்டையாகத் தாய்ப்பலகைமேல் வைத்துத் திருகாணியால் முடுக்குவது. ஒரு பலகையே இரட்டைப் பாதையும் தந்துவிடும். அங்கே, இன்னொன்றைப் பக்கத்தில் சேர்க்க இடமில்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதை வைக்கவேண்டும். கழற்றிய பழையதை என்ன செய்வது என்று ரிச்சி தெருவில் இனிக் கேட்பார்கள்.